நான் மட்டும் திறக்கும் கோப்பு

வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி என் பட்டச் சான்றிதழின் அசலைக் கேட்டார். படித்தவர்களைச் சேர்த்தால் அப்படி வாங்கிப் பூட்டி வைப்பது அவர் வழக்கம். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து வராது. பீரோவில் வைத்துப் பூட்டும் அளவுக்கு என்னிடம் ஒன்று இருக்கிறதே என்று பெருமையாகத்தான் நீட்டினேன்.

விருத்தாசலத்தில் ஃபியூஸ் கட்டை சுடும் பீங்கான் யூனிட் அது. சூளைக்குள் போகும் ஒவ்வொரு வண்டியிலும் எவ்வளவு சரக்கு, வெந்து வந்தபின் எத்தனை வெடித்தது என்று மேஸ்திரி அங்கேயே பதிய வேண்டும். அதற்காகக் குச்சியால் தொட்டு எழுதும் கைபேசி ஒன்றை முதலாளி வாங்கியிருந்தார். அதற்கான செயலியை நான் எழுதினேன்.

சூளைப் பக்கம் நெட்வொர்க் கிடையாது. தகவலெல்லாம் கைபேசிக்குள்ளேயே, செயலியோடு சேர்ந்து இருந்தாக வேண்டும். கல்லூரியில் படித்த முறைப்படி ஒரு வண்டியைச் சேமிக்க, அதைப் பிரித்து நாலைந்து அட்டவணைகளில் போட வேண்டும். நான் பயன்படுத்தியது ஆப்ஜெக்ட் தரவுத்தளம். சரக்கை இறக்காமல் வண்டியோடு சூளைக்குள் தள்ளுகிறார்களே, அதுபோல ஒரு வண்டியின் பதிவை அடுக்கு, கட்டை எல்லாவற்றோடும் பிரிக்காமல் அப்படியே உள்ளே வைத்துவிடலாம். என் செயலியைத் தவிர வேறெதாலும் அந்தக் கோப்பைப் படிக்க முடியாது. அதிலும் எனக்குப் பெருமைதான்.

இரண்டாம் வருடம் சென்னையில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை அசல் சான்றிதழோடு வரச் சொன்னார்கள்.

"குடுத்துடறேம்மா," என்றார் முதலாளி. "நீ போயிட்டா இந்த ஃபைல யாரு தொறக்கறது? கம்ப்யூட்டர் சென்டர்காரரு தொறந்து பாத்தாரு, எழுத்தே வராம கட்டம் கட்டமா வருதாம். யாரு வேணா படிக்கிறாப்புல பண்ணிக் குடு, பீரோவத் தொறக்கறேன்."

மூன்று நாட்களில் எல்லாவற்றையும் எக்செல் தாளாக மாற்றினேன். சரிபார்க்க மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவர் திரையில் வரி வரியாக விரலால் தடவிக்கொண்டே போய் நிறுத்தினார்.

"பாப்பா, மொத நாலு மாசத்து வண்டி ஒண்ணையும் காணமே. உள்ள போன வண்டி வெளிய வந்துதான ஆவணும். உன் சூளை முழுங்கிடுச்சா?"

தினசரி அறிக்கையில் பழையது வராததால் இத்தனை நாள் யாரும் கவனிக்கவில்லை.

"மொதலாளி பாக்க மாட்டாரு. ஆனா நீ போன பொறவு ஒருநா கேப்பாரு. அப்ப என்னையத்தான கேப்பாரு?" என்றார் மேஸ்திரி.

அன்று மதியம் சாப்பிடவில்லை. காரணம் பிடிபட்டபோது என்மேலேயே கோபம் வந்தது. தொடக்கத்தில் செயலிக்குள் வண்டிக்கு 'வண்டி' என்றே தமிழ்ப் பெயர் வைத்திருந்தேன். உடன் படித்த ஒருத்தி பார்த்துச் சிரித்தாள் என்று ஆங்கிலப் பெயராக மாற்றினேன். தரவுத்தளம் எதையும் அதன் பெயரோடு சேர்த்தே வைத்துக்கொள்ளும். பழைய வண்டிகள் அழியவில்லை. பழைய பெயரில் உள்ளேயே கிடந்தன. புதுப் பெயரில் தேடினால் அவை வராது. பழைய பெயரையும் சேர்த்துத் தேடியதும் நாலு மாத வண்டிகளும் எக்செல் தாளில் வந்துவிட்டன.

சொல்லாமல் போயிருக்கலாம். வெள்ளிக்கிழமை முதலாளியிடம் சொன்னேன்.

"பாத்தியா. நீ இல்லன்னா இது யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? ஒரு மாசம் இருந்துட்டுப் போம்மா," என்று பீரோ சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார்.

பீரோ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஜங்ஷன் பக்கம் ரயில் கூவுவது கேட்டது. அழக்கூடாது என்பது மட்டும் நினைவிருந்தது. பிறகு போய் மேஸ்திரியை அழைத்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். முதலாளி திரும்பி வந்ததும் சொன்னேன்:

"யாரு வேணா படிக்கணும்னுதான சார் சொன்னீங்க. இவரு படிப்பாரு, கேளுங்க."

"ஏப்ரல் மூணு. வண்டி ஏழு. வெடிப்பு பதினொண்ணு," என்று மேஸ்திரி ஆரம்பித்தார். பத்து வரி, இருபது வரி. அவர் நிறுத்தவில்லை.

"போதும்யா."

"இருங்க மொதலாளி, இன்னும் மே மாசம் இருக்குது."

முதலாளி சாவிக்காகச் சட்டைப் பையில் கையை விட்டார்.