ரஞ்சனி பேர் வைத்த பொம்மைகள்

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் எலெக்ட்ரீசியன் ஜெகதீசன். வாரமெல்லாம் மோட்டாரோடும் வயரோடும் மல்லுக்கட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமையானால் உலகம் அழிந்த பிறகு நடக்கும் சண்டைக்கு ஆள் திரட்டுவான். இந்த விளையாட்டை அவனுக்குப் பழக்கிவிட்டவன் ஷிஜோ. கோத்தகிரி பஜாரில் செல்போன் பழுது பார்க்கிறவன். பெங்களூரில் வேலை செய்தபோது கற்றுக்கொண்டு வந்தான். மேசை முழுக்க இடிந்த ஊர் ஒன்றைப் பரப்பி, சுண்டுவிரல் உயரப் பொம்மைகளை இரண்டு கட்சியாக நிறுத்தி, ஸ்கேலால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். மிச்சமிருக்கிற தண்ணீருக்கும் டீசலுக்கும் பிழைத்த சனங்கள் அடித்துக்கொள்கிற கதை.

ஷிஜோவுக்கு ஆடுவதில் ஆசை, ஜெகதீசனுக்குச் செய்வதில். தெர்மாகோலை அறுத்து இடிந்த சுவர் எழுப்புவான். எரிந்துபோன சர்க்யூட் போர்டு அவன் கையில் மின்நிலையமாகும். வடிகட்டின டீத்தூளைக் காயவைத்து, பசை தடவின அட்டையில் தூவினால் அசல் மண் தரை. பொம்மைக்கு முதலில் கறுப்பு அடித்து, மேலே நிறம் கொடுத்து, கடைசியில் துடைத்த பிரஷ்ஷில் ஒட்டியிருக்கிற வெள்ளையை ஓரங்களில் உரசுவான். முகத்தில் கன்ன எலும்பு எழும்பி வரும். மேகம் இறங்கிவிட்டால் மட்டும் பெயின்ட் காயாது. குண்டு பல்புக்கு அடியில் எல்லாரையும் நிறுத்திவைத்துக் காத்திருப்பான்.

அவன் மனைவி ரஞ்சனி எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டின லைன் வீடுகளில் கடைசி வீடு அவர்களுடையது. குழந்தை இல்லை. நல்லா இருக்கிற ஊரை எதற்கு இப்படி இடித்து இடித்து வைக்கிறீங்க என்று ஆரம்பத்தில் சலித்துக்கொண்டவள், போகப்போகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உலகம் அழிந்த பிறகு இந்தச் சனம் என்னத்தைச் சாப்பிடும் என்பது அவள் கவலை. நச்சரிப்புத் தாங்காமல், இடிந்த பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஒரு பீட்ரூட் பாத்தி போட்டுக் கொடுத்தான். அப்புறம் பேர் வைக்கத் தொடங்கினாள். துப்பாக்கிக்காரன் ஆண்டி. ஒற்றைக் கண்ணன் அவனுக்கு மச்சான். முகமூடிக்காரி இசக்கியம்மா, அவளுக்கும் மருமகளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இப்படி அவள் சொல்லிக்கொண்டே போக, இவன் மூச்சை அடக்கிக் கண்ணுக்கு மை தீட்டியபடி 'ம்' கொட்டுவான். ஆட்டத்தில் யாராவது செத்தால், இன்னார் போய்ட்டார் என்று சாயங்காலம் வந்து சொல்ல வேண்டும். அவள் கொஞ்சம் வருத்தப்பட்டுவிட்டு, "பரவால்லீங்க, அடுத்த வாரம் எந்திரிச்சுருவாங்க" என்பாள்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் சற்று வெறித்ததும், ஜெகதீசன் பொம்மைகளையும் இடிந்த ஊரையும் பெட்டியில் கட்டிக்கொண்டு கோத்தகிரிக்கு, ஷிஜோ வீட்டுக்கு பஸ் ஏறினான். அவளையும் கூப்பிட்டான். வெயில் அடித்தால் துணி காயப்போடணும் என்று நின்றுவிட்டாள்.

ஆட்டம் பாதியில் இருக்கும்போது ஃபேக்டரி சூப்பர்வைசர் போன் செய்தார். லைன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த மேடு சரிந்துவிட்டது, உடனே வா என்றார். வழியில் மரம் விழுந்து பஸ் நின்றுபோயிருந்தது. ஷிஜோ பைக்கில் கூட்டிப் போனான். மண் மூடிய திருப்பத்தில் பைக்கைப் போட்டுவிட்டு ஓடினார்கள். வரிசையில் கடைசி வீடுகள் இருந்த இடத்தில் செம்மண்ணும் வேரோடு பெயர்ந்த தேயிலைச் செடிகளும் குவிந்து கிடந்தன. மற்ற வீடுகளில் அந்நேரம் ஆளில்லை. பொழுது சாய்வதற்குள் ரஞ்சனியை வெளியே எடுத்தார்கள்.

எத்தனையோ இடிபாடுகளைச் செய்த கை அது. ஆனால் அவன் செய்த எதிலும் குக்கர் மூடி கிடந்ததில்லை. பிழிந்த துணி பிழிந்த முறுக்கோடு மண்ணுக்குள்ளிருந்து வந்ததில்லை. ஜெகதீசன் அந்தத் துணியை உதறி மடித்து மடித்து வைத்துக்கொண்டே இருந்தான். யாரோ வந்து கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

போட்டோ, புடவை எதுவும் மிஞ்சவில்லை. எஸ்டேட்டில் மேல் லைனில் வேறு வீடு கொடுத்தார்கள். வேலைக்குப் போனான், வந்தான். பொங்கல் கழிந்து ஷிஜோ தேடி வந்தான். வந்தவன் கிளம்பும்போதுதான் சொன்னான்.

"அண்ணா, உங்காளுங்க மேசை மேலயே நிக்கறாங்க. நான் தொடலீங்க."

அடுத்த ஞாயிறு ஜெகதீசன் போனான். விட்ட இடத்திலிருந்து ஆடினார்கள். ஷிஜோவின் பகடையில் ஆண்டி விழுந்தான். ஜெகதீசன் அவனைப் படுக்கவைத்து, "ஆண்டி போய்ட்டான்" என்றான். பிறகு ஒற்றைக் கண்ணன். அவன் பேரையும் சொன்னான். அதற்கடுத்துக் குண்டுபட்டது முதுகில் மூட்டை சுமந்த ஒருத்திக்கு. அவளை எடுத்தவன் கீழே வைக்காமல் விரலிடுக்கில் பிடித்துக்கொண்டே இருந்தான்.

"என்னாச்சுங்ண்ணா?"

"இவ பேர் தெரியல ஷிஜோ. அவ சொன்னா. பெயின்ட் கலைஞ்சுருமோன்னு 'ம்'முன்னு மட்டும் சொன்னேன். காதுல வாங்கல."

நாமே ஒரு பேர் வைத்துக்கொள்ளலாமே என்றான் ஷிஜோ, மெதுவாக. ஜெகதீசன் வேண்டாமென்று தலையாட்டினான். அடக்கம் பண்ணின அன்றைக்கு வராத அழுகை அப்போது வந்தது.

ரஞ்சனியோடு நிரை பிடித்துக் கொழுந்து பறித்த பெண்களிடமெல்லாம் போய்க் கேட்டான். இசக்கியம்மாவின் மருமகள் சண்டை அவர்களுக்கும் தெரிந்திருந்தது. சொல்லிச் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மூட்டைக்காரியைப் பற்றி ஒருத்திக்கும் தெரியவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை அவன் கோத்தகிரி போகிறான். மூட்டைக்காரி எல்லா ஆட்டத்திலும் நிற்கிறாள். பகடை எப்படி விழுந்தாலும் ஷிஜோ அவளை விட்டுவிட்டு அடுத்தவனைக் குறிவைக்கிறான். மழை மாதங்களில் மட்டும் ஜெகதீசன் பஸ் ஏறுவதில்லை. புது வீட்டின் பின்கதவைத் திறந்துவைத்து, ஒரு ஸ்டூலைப் போட்டு, அந்த வீட்டுக்குப் பின்னாலும் நிற்கிற மேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான்.