பாட்டை விட்டுவிட்டு அடையாறு போனது

காலை 6.20. மந்தைவெளி பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதே எனக்குப் பயம் தொடங்கிவிட்டது. தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் சுருதிப் பெட்டியும், நாமாவளிகள் எழுதிய ஒரு நோட்டும். முதலில் தி.நகர், அங்கிருந்து அடையாறு, மொத்தமே பன்னிரண்டு கிலோமீட்டர்தான். கைலாயம் போய் வந்தவர்கள் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். நான் எழுதப் போவது டவுன் பஸ்ஸும் ஆட்டோவும் ஏறிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. ஆனால் பயந்ததில் நான் அவர்களுக்குக் குறைந்தவள் இல்லை.

பயம் எதற்கென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருடமாக சனிக்கிழமை மாலைகளில் தி.நகரில் ஒரு மாடி ஹாலில் நாங்கள் நாற்பது பேர் கூடுகிறோம். ஒரு மணி நேரம் கண்மூடி ஜபம், பிறகு நாமாவளி. நான் முன்னால் உட்கார்ந்து ஒரு வரி பாடுவேன், மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஆடி மாதத்து முதல் சனிக்கிழமை ஒவ்வொருவரும் எழுந்து நின்று, இந்த வருடம் எதை விடப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். கோபத்தை விடுகிறேன் என்பார் ஒருவர். பொறாமையை என்பார் இன்னொருவர். டிவி சீரியலும் இரண்டாவது காபியும் வருடா வருடம் யாராவது ஒருவரால் விடப்படும்.

இந்த ஆடியில், ஹாலில் பாய் விரித்து வைக்கும் சகுந்தலா எழுந்தாள். என் வயதுக்காரி, அதிகம் பேசமாட்டாள். "காசிக்குப் போயி பாகக்காயை விட்டுட்டு வர்றவங்க நாம. கசக்கறதையே விட்டுட்டிருக்கோம். இனிக்கறத யாராவது விட்டிருக்கோமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. உடனே எழுந்து, "வருஷ நாமஜபத்துலேர்ந்து, முன்னால உக்காந்து பாடறத நான் விடறேன்" என்றேன்.

ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எவ்வளவு பெரிய மனசு என்றார்கள். ஒரு வாரம் உச்சி குளிர்ந்து அலைந்தேன். அதற்கப்புறம்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது உறைத்தது. பாடும்போது எனக்குக் கண்ணீர் வரும். அதைத்தான் பக்தி என்று இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். பாட்டு போனால் அதுவும் போய்விடுமா? பதினெட்டு வருடமும் நான் கும்பிட்டது என் குரலைத்தானா? இந்தக் கேள்வி வந்த நாளிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை. அடையாற்றில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் அந்த ஞாயிறு பத்து மணி முதல் மாலை ஆறு வரை எங்கள் வருடாந்தர நாமஜபம். நான் பின்னால் உட்காரப் போகும் முதல் நாள் அதுதான்.

6.45. பெண்களுக்குக் கட்டணமில்லாத பேருந்து. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்துவிட்டு நகர்ந்தார். மெட்ரோ வேலைக்காக லஸ்ஸில் தகரத் தடுப்பு, ஆழ்வார்பேட்டையிலும் தகரத் தடுப்பு. இருபது நிமிடத்தில் போகவேண்டிய இடத்துக்கு ஐம்பது நிமிடம் ஆனது. எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை என்றிருந்தது. பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு பெண் தூங்கி விழுந்துகொண்டிருந்தாள்.

7.35. தி.நகர், உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் எங்கள் மாடி ஹால். ரேவதி வாசலிலேயே நின்றிருந்தாள். முப்பத்தெட்டு வயது, இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. இனிமேல் முன்னால் உட்காரப் போகிறவள் அவள்தான்.

"அக்கா, ராத்திரி பூரா தூங்கலை. நீங்களே இந்த ஒரு தடவை பாடிடுங்களேன்."

"சும்மா இரு. எல்லாம் வரும்" என்று நோட்டைக் கொடுத்தேன். சுருதிப் பெட்டியையும் கொடுத்தேன். இந்த இடத்தை எழுதாமல் தாண்டிவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். சுருதியின் உயரத்தைக் கட்டை என்று சொல்வோம், ஒவ்வொரு தொண்டைக்கும் ஒரு கட்டை. எனக்கு ஆறு. ரேவதிக்கு நாலரை, அது எனக்கு நன்றாகத் தெரியும். பெட்டி ஆறில் இருந்தது. திருகைத் திருப்பி வைக்க அரை நிமிடம் ஆகாது. நான் திருப்பவில்லை. போதாததற்கு, "இதை மாத்தாதே. எல்லாருக்கும் பழகின சுருதி" என்றும் சொன்னேன்.

ரேவதியும் இன்னும் சிலரும் சாமான்களோடு காரில் கிளம்பினார்கள். எனக்கும் இடம் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து வர முடியாது என்பதால், பாண்டி பஜாரில் ஒரு வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு இறங்கி நடந்தேன்.

8.50. ஆட்டோ. இருநூற்றைம்பது கேட்டார், இருநூறுக்கு வந்தார். நந்தனம் சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இன்னாமா, மூஞ்சி ஒரு மாதிரி கீது? ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான், கொட்டிவிட்டேன். பதினெட்டு வருடம், நாற்பது பேர், முன் வரிசை, எல்லாவற்றையும் நானாக விட்டது. ஊர் பேர் தெரியாத மனிதரிடம் சொல்லும்போதே தொண்டை கரகரத்தது. அந்தக் கரகரப்பு நன்றாகவே இருந்தது. நன்றாக இருக்கிறது என்று தெரிந்த அந்த நிமிடமே பயம் திரும்பி வந்தது. பாட்டை விட்டால், விட்ட கதையைப் பிடித்துக்கொண்டு அந்த இனிப்பு பின்னாலேயே வருகிறதே, இதை எங்கே போய்த் தொலைப்பது?

"தொண்டைல எதுனா பிரச்னையாமா?"

"இல்லைங்க. கடவுளுக்காக விட்டேன்."

"அவுரு கேட்டாரா?"

கோட்டூர்புரம் பாலத்தின் மேல் போகும்போது அவரே கையை நீட்டி ஆற்றோரத்தைக் காட்டினார். "அங்கதாம்மா எங்க வூடு இருந்துச்சு. இட்சிட்டாங்க. இப்போ ஊருக்கு வெளிய, பெரும்பாக்கம். டெய்லி வண்டிய ஓட்டிக்கினு இங்க வர்றேன்." ஆற்றில் தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. வீட்டில் எத்தனை பேர், எப்போது போனீர்கள் என்று ஏதாவது கேட்டிருக்கலாம். என் கதையிலேயே நான் இருந்ததால் கேட்கவில்லை. நூற்றாண்டு நூலகம் தாண்டி காந்தி மண்டபம் சாலையில் வண்டி விரைந்தது.

9.35. மண்டபம். செருப்பு ஸ்டாண்டுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில் சுவரோரமாக உட்கார்ந்தேன். வருகிறவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்கள். அங்கே உட்கார்ந்திருப்பதற்காகவே கூடுதலாகக் கூப்பினார்கள்.

சரியாகப் பத்துக்கு ரேவதி ஆரம்பித்தாள். முதல் நாமாவளியில் சமாளித்தாள். இரண்டாவதில் கழுத்து நரம்பு புடைத்தது. மூன்றாவதில் மேல் வரிக்கு ஏறும்போது குரல் பிளந்து நின்றுவிட்டது. சுருதிப் பெட்டி மட்டும் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷம் வந்தது. எழுதவே கூசுகிறது, ஆனாலும் அதுதான் வந்தது. அதன் பின்னாலேயே பயம் வந்தது. இப்படி ஒரு பயத்தை நான் ஆஸ்பத்திரி வராந்தாக்களில்கூட அனுபவித்ததில்லை. ஜபம் பண்ணிப் பண்ணி நான் வளர்த்து வைத்திருந்தது இதைத்தானா?

எழுந்து முன்னால் போனேன். திருகைத் திருப்பிவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். ஆனால் நான் நடப்பதைப் பார்த்ததும் ஹாலே மலர்ந்துவிட்டது. யாரோ மைக்கை என் பக்கம் தள்ளினார்கள். ஒரு வரி பாடினால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். மைக்கில் சொன்னேன்: "ரேவதிக்கு நாலரைக் கட்டை. தெரிஞ்சேதான் நான் ஆறுல வெச்சுக் குடுத்தேன்."

சிரித்தார்கள். கை தட்டினார்கள். "அடுத்தவங்க தப்பையும் தன் மேல போட்டுக்கறாங்க பாரு" என்று முன்வரிசையில் ஒரு அம்மாள் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. அந்தப் பேச்சும் எனக்கு இனித்தது. தப்பிக்க வழியே இல்லை என்று அப்போது தோன்றியது. ரேவதி மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியை நாலரைக்கு மாற்றிவிட்டு என் இடத்துக்குத் திரும்பினேன். அதன் பிறகு அவள் பிசிறில்லாமல் பாடினாள்.

1.15. பந்தியில் அவளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாம்பார் சாதம், உருளைக்கிழங்குக் கறி, தயிர் சாதம். எனக்கு ஒரு கவளமும் இறங்கவில்லை.

"நான் சொன்னது நிஜம், ரேவதி."

"தெரியும்கா. கார்ல வரும்போதே போட்டுப் பாத்தேன். ஆறுன்னு தெரிஞ்சிடுச்சு."

"அப்புறம் ஏன் மாத்தலை?"

"மாத்தியிருந்தா ஏன்னு எல்லாரும் கேட்டிருப்பாங்க, நீங்க மாத்தாம குடுத்தது தெரிஞ்சிருக்குமே. இன்னிக்கு உங்களுக்கு அது வேணாம்னு தோணிச்சு. ரெண்டு மூணு பாட்டுதானே, அப்புறம் மெதுவா எறக்கிக்கலாம்னு நெனச்சேன்." அப்பளத்தை நொறுக்கிச் சாதத்தில் போட்டுக்கொண்டாள். "சாப்பிடுங்கக்கா."

நாற்பது பேர் முன்னால் தொண்டை உடைந்து நின்றது எனக்காக. அவள் அதை எந்த ஆடியிலும் எழுந்து நின்று அறிவிக்கப் போவதில்லை. நான் கேட்டிராவிட்டால் கடைசி வரை சொல்லியிருக்கவும் மாட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் அதிகமானது. பிற்பகல் முழுக்க சுவரில் சாய்ந்து நாமத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

மாலை 6.15. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி, அடையாறு டிப்போ அருகே 29சி பிடித்தேன். மந்தைவெளிக்கு நான்கு கிலோமீட்டர். உட்கார இடமில்லை. என் பக்கத்தில் நின்றவர்கள் அத்தனை பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுப் பூஜை அறையில்கூட நான் வாய்விட்டுத்தான் பாடுவேன், பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருக்கும். திரு.வி.க. பாலத்தில் வண்டி நின்று நின்று நகர்ந்தது. கம்பியைப் பிடித்தபடி, ராகம் இல்லாமல், உதடு அசையாமல் ஒருமுறை நாமத்தைச் சொன்னேன். பதினெட்டு வருடமாகக் கேட்பவர்களுக்கு எனக்குக் குறைவிருந்ததில்லை. இப்போது கேட்பவர் என்று ஒருவர் இருந்தால், அது கடவுள் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். இருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பயந்துகொண்டே இன்னொரு முறை சொன்னேன்.