ஊதுபத்தியும் புரொப்பேனும்

இன்று காலை முதல் வேலையாக, கட்டிலும் அடுப்பும் உள்ள எங்கள் மோட்டர்ஹோமின் முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பிள்ளையாருக்கு ஊதுபத்தி கொளுத்தினேன். வண்டி வீதியில் இறங்குமுன் அது எங்கள் வழக்கம்.

பிறகு அதன் அடுப்புக்கான புரொப்பேன் காஸ் நிரப்பப் போனேன். லவாலில், வீட்டிலிருந்து பத்து நிமிடம்தான்.

நிரப்புபவர் நம்மவர்.

"தங்கச்சி, எஞ்சின், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் நிப்பாட்டியாச்சோ?"

"ஓம் அண்ணை, நெருப்பு ஒண்டுமில்லை."

வண்டிக் கதவைத் திறந்தவர் மூக்கைச் சுளித்தார்.

"அப்ப இதென்ன புகையுது? பிள்ளையார் பொறுப்பார், புரொப்பேன் பொறுக்காது. முதல்ல அணையுங்கோ!"

ஓடிப்போய் ஊதுபத்தியைத் தண்ணீரில் தோய்த்தேன். அதன் பிறகே குழாயைத் தொட்டார்.

தள்ளி நின்ற என்னைப் பார்த்து, "எங்கை பயணம்?" என்றார்.

"கஸ்பேக்கு. கடலுக்குப் பக்கத்திலை நிப்பாட்டி, யன்னலைத் திறந்துபோட்டுப் படுக்கவேணும்."

"அவரும் வாறாரோ?"

"அவருக்கு இந்த முறையும் லீவு இல்லையாம். அடுத்த வருஷம் பாப்பமாம்."

"அப்ப காஸ் என்னத்துக்கு?"

காசைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினேன்.

மூன்று கோடையாக என் கணவர் சொல்வது இதைத்தான். நானும் ஒவ்வொரு வருடமும் நிரப்பிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிக் கட்டிலில் படுத்து, பக்கத்து வீட்டுப் புல்வெட்டும் இயந்திரத்தை அலைச் சத்தமாக நினைத்துக்கொள்கிறேன்.

திரும்பும் வழியில் முடிவெடுத்தேன். சனிக்கிழமை விடியத் தனியாகப் புறப்படுகிறேன். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, அவரிடமும்கூட.

அவர் ஃபேஸ்புக் பார்ப்பதில்லை. ஆகவே சொந்தக்காரர்களே, லைக் மட்டும் போடுங்கள். வீட்டுக்குப் போன் போடாதீர்கள்.