இளையதம்பி மிதித்த பாட்டு

என் மனுசர் இளையதம்பிக்குக் காது கடவுள் கொடுத்த வரம் என்று சாவகச்சேரியில் எல்லோரும் சொல்லுவார்கள். அவருடைய வயிற்றைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும். அது எந்த நேரமும் எரிந்துகொண்டிருக்கும். பக்கத்து வளவுப் பசு கொஞ்சம் கூடுதலாகக் கறந்துவிட்டால் அன்றைக்கு இவருக்குத் தேத்தண்ணீர் இறங்காது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இவருக்கு ஒரு ரெக்கோடிங் பார் இருந்தது. கேட்ட பாட்டைக் கசற்றில் பதிந்து கொடுக்கும் கடை. அது வயிற்றுப்பாட்டுக்கு. இவருடைய உயிர் இருந்ததோ வேறிடத்தில். வாசிகசாலை மண்டபத்திலோ விளையாட்டுக் கழகக் கொட்டகையிலோ ஓர் இசைக்குழு பாடினால், அதை அங்கேயே போய்ப் பிடித்துவர வேண்டும். ஒரே ஒரு மைக்தான். உள்ளே போனதும் கையைத் தட்டித் தட்டி நடப்பார். எந்த இடத்தில் எதிரொலி அடங்குகிறதோ, அதற்கு நேர் மேலே கூரை வளையில் கயிறு கட்டி மைக்கைத் தொங்கவிடுவார். தகரக் கூரை என்றால் சுவரெல்லாம் சாக்கும் பாயும் தொங்கும். என் தாய்வீட்டுப் பாய் ஒன்றும் அப்படிப் போனதுதான், இன்னும் வரவில்லை. கடைசியாகச் சனத்தைப் பார்த்து, "பாட்டு முடியுமட்டும் ஒருத்தரும் கச்சான் கடலை உடைக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்" என்பார். வாசலில் நின்று அதைக் காவல் பார்ப்பது என் வேலை.

எங்கள் ஊர் நடராசா மாஸ்ரரின் இசைக்குழுவுக்கு எண்பத்துநாலிலிருந்து இவர்தான் ஒலிப்பதிவு. கசற் உறையில் கீழ் மூலையில் 'ஒலிப்பதிவு: இளையதம்பி' என்று சின்ன எழுத்தில் இருக்கும். அந்த உறைகளைக் கடைக் கண்ணாடிக்குள் நிரையாக அடுக்கி வைத்திருந்தார். எங்கள் கலியாணப் படம் உள்ளறையில் தொங்கியது. யாருக்கு எது பெரிது என்பதில் எனக்கு ஒரு மயக்கமும் இல்லை.

தொண்ணூறில் சண்டையால் கரையோரத்துச் சனம் இடம்பெயர்ந்து வந்தபோது மயிலிட்டியிலிருந்து சிமியோன் வந்தான். என்னை அக்கா என்று கூப்பிடும் வயது. சட்டி பானையை எல்லாம் விட்டுவிட்டு, நாலு மைக்கையும் ஒரு மிக்சர் பெட்டியையும் பெட்சீற்றில் சுற்றிக்கொண்டு வந்த மனுசன் என்று அவன் மனைவி பெர்னடெட் என்னிடம் முறைப்பட்டாள். நாலு மைக்கில் வருகிற சத்தத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைத்து ஒன்றாக்குகிற பெட்டி அது.

"சும்மா ஒருக்காப் பாத்திட்டு வாறன்" என்று இவர் போனார். திரும்பி வந்து சோற்றைப் பிசைந்தபடி இருந்தார்.

"நாலு மைக் என்னத்துக்கு? உவனுக்கென்ன நாலு காதோ?"

"அப்ப சத்தம் நல்லாயில்லையோ?"

"நல்லாய்த்தான் இருக்கு" என்று கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தார். அன்று தொடங்கியது. சிமியோன் தலை இழுத்தால் அந்தச் சீப்பில் பிழை. அவன் சிரித்தால் அந்தப் பல்லில் பிழை. நடராசா மாஸ்ரர் அவனோடு றோட்டில் நின்று கதைத்தார் என்று கேள்விப்பட்ட நாளில் கடையையே திறக்கவில்லை.

தொண்ணூற்றிரண்டில் மாஸ்ரர் புதுக் கசற் ஒன்று செய்ய நினைத்தார். "ரெண்டுபேரும் பிடியுங்கோ. எது நல்லாய் வருதோ, அவரின்ரை பேரைத்தான் உறையிலை போடுவன்" என்று சொல்லிவிட்டார். கண்ணாடிக்குள் இருந்த நிரையில் அடுத்த இடத்துக்குச் சிமியோனின் பெயர் வந்து குந்திவிடுமோ என்று இவர் வெந்துபோனார்.

அப்போது ஊரில் மின்சாரம் இல்லை. பற்றரி அரசாங்கம் தடை செய்த சாமான். இவர் நாலு பற்றரியை என் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தார். சிமியோனிடம் அது இல்லை. மற்றவர்கள் ரேடியோச் செய்தி கேட்கச் செய்வதைத்தான் அவனும் செய்தான். சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சில்லில் டைனமோவை முட்டவிட்டு, ஆள் இருந்து மிதிக்க வேண்டும். மிதி ஒரே சீராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரேப் கூடிக் குறைந்து ஓடும். பெர்னடெட் தையல் மெசின் மிதித்துப் பழகியவள், அவளுடைய கால் பிசகாது.

கச்சேரியன்று காலையில் பெர்னடெட்டுக்குக் காய்ச்சல். வாசிகசாலை மண்டபம் நிறையச் சனம். இவருடைய மைக் வளையில் தொங்குகிறது, ரேப் செற்றின் பொத்தானை அமத்திவிட்டால் பிறகு இவருக்கு வேலை இல்லை. சிமியோன் வந்து கையைப் பிசைந்தான்.

"அண்ணை, உங்களைவிட ஆருக்குத் தெரியும் வேகம்? ஒருக்கா மிதிச்சு விடுவியளோ?"

அத்தனை பேருக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? "ஓம், அதுக்கென்ன" என்றார். சைக்கிள் சத்தம் மைக்கில் விழாமல் அதை யன்னலுக்கு வெளியே வைத்திருந்தார்கள். யன்னலுக்கு உட்பக்கம் சிமியோனின் மேசை. வாசலில் நின்ற எனக்கு இரண்டு பேரும் தெரிந்தார்கள்.

முதல் பாட்டு ஒழுங்காகப் போனது. இரண்டாவது பாட்டு நடுவில் மாஸ்ரர் சிமியோனைப் பார்த்து, நல்லது என்று தலையாட்டினார். இவருடைய முழங்கால் இரண்டும் ஏறி இறங்கிய வேகத்தைப் பார்த்து, சைக்கிள் ஸ்டாண்டோடு கிளம்பிவிடும் என்று நினைத்தேன். மூன்றாவது பாட்டையும் குணலட்சுமிதான் தொடங்கினாள். குழுவில் நல்ல குரல் அவளுடையதுதான். சிமியோனுக்கு என்ன தோன்றியதோ, தன் ஹெட்போனைக் கழற்றி யன்னலுக்குள்ளால் நீட்டி இவருடைய காதில் மாட்டினான்.

"கேட்டுப் பாருங்கோ அண்ணை."

இவருடைய வாய் திறந்தது. கால் தளர்ந்து தளர்ந்து, நின்றும் நிற்காததுமாகப் போனது. நான் வாசலிலிருந்து கையைக் காட்டினேன், கண்ணைக் காட்டினேன். மனுசர் பார்க்கவில்லை. ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் கால் பழையபடி ஓடியது.

அடுத்தநாள் எங்கள் கடையில் சனம் கூடிநிற்க, பற்றரி போட்டு இரண்டு கசற்றையும் கேட்டோம். இவருடையது வழக்கம்போல. ஒரு குறையும் இல்லை. பிறகு சிமியோனுடையது. முதல் பாட்டைக் கேட்டு மாஸ்ரர் நிமிர்ந்து இருந்தார். இரண்டாவது பாட்டில், இவர் எரிச்சலில் உழக்கிய இடம் வந்தது. வேகமாக ஓடிய ரேப்பில் பதிந்தது இழுபட்டு, குணலட்சுமி ஆம்பிளைக் குரலில் பாடினாள். மூன்றாவதில் கால் தளர்ந்த இடத்தில் கோழிக்குஞ்சு மாதிரிக் கீச்சிட்டாள். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இந்த மனுசருடைய பொறாமையை ஒருவர் ரேப்பில் பிடிப்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

இவர் சிரிக்கவில்லை. சிமியோனும் சிரிக்கவில்லை.

"அண்ணையிலை பிழையில்லை. நான்தான் தேவையில்லாமல் காதிலை மாட்டினன்" என்றான். கசற்றை மேசையில் வைத்து, "இதுக்கு மேலை வேறை ஏதும் பதியுங்கோ. வெறுங்கசற் கிடைக்கிறதில்லைத்தானே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

உறை இவருடைய பெயரோடு வந்தது. கண்ணாடிக்குள் நிரையின் முடிவில் வைத்தார். அதோடு எரிச்சல் அடங்கும் என்று நான் எண்ணினேன்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டோடு கடைக்குப் போனேன். முன்கதவு சாத்தியிருந்தது. பின்பக்கத்தில் இவர் சைக்கிளில் இருந்து மிதித்துக்கொண்டிருந்தார். டைனமோவில் செற் ஓடியது. குணலட்சுமி தன் சொந்தக் குரலில், ஒரு பிசகும் இல்லாமல், பக்கத்தில் இருந்து பாடுவதுபோலப் பாடினாள். தபேலா வேறாகக் கேட்டது, வயலின் வேறாகக் கேட்டது. கொஞ்சம் நின்று பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அது சிமியோனின் கசற். அன்றைக்கு எந்த இடத்தில் உழக்கினாரோ அந்த இடத்தில் உழக்கி, எந்த இடத்தில் தளர்ந்தாரோ அங்கே தளர்ந்து மிதித்தால் பாட்டு நேராகிவிடுகிறது. அந்த மிதி உலகத்தில் இவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

பாட்டு முடிந்தது. இவருடைய முகமெல்லாம் வேர்வை, கண்ணும் கலங்கியிருந்தது.

"என்ரை மைக்கிலை உது ஒருநாளும் வராது, சக்தி" என்றார். "எத்தினை தரம் கேட்டாலும் வயிறு எரியுது."

எனக்கு அந்த நேரம் இவர்மேல் இரக்கமாக இருந்தது. சொன்னேன்.

"இஞ்சருங்கோ, அந்தச் சிமியோன் பிள்ளை தான் பழுதாக்கிப்போட்டன் எண்டு மைக்கையும் தொடாமல் திரியுது. ஒருக்காக் கூப்பிட்டு உந்தக் கசற்றைப் போட்டுக் காட்டுங்கோவன்."

இவர் கசற்றை எடுத்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"உனக்கென்ன விசரே? தான் எவ்வளவு திறமாய்ப் பிடிச்சிருக்கிறன் எண்டு அவனுக்கல்லோ தெரிஞ்சுபோடும்!"