தொண்ணூறுக்குள் நின்ற வீடு

மீற்றர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் வெண்கட்டியால் எண் எழுதும் பழக்கத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மின்சாரக் கந்தோர் விதியிலும் அது இல்லை. நானே தொடங்கினேன், நானே நிறுத்தினேன். இரண்டுக்கும் நடுவில் உப்புவெளியில் ஒரு மனிதர் மூச்சில்லாமல் செத்துப் போனார். புதிதாக றீடிங் எடுக்க வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் வேறு கதைகளும் இருக்கின்றன. நாய் கடித்த கதை, குளவி கொட்டிய கதை என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்லலாம். இதைச் சொல்லாமல் அவற்றைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

1. வெண்கட்டி

இருபத்தெட்டு வருஷம் மீற்றர் வாசித்தேன். அதில் கடைசிப் பதினொரு வருஷமும் உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரைக்கும் என்னுடைய பாதை. கறண்ட் விலை ஒரே அடியாக ஏறிய காலத்தில் ஒவ்வொரு வீட்டு வாசற் படலையிலும் எனக்கு ஏச்சுத்தான் கிடைத்தது.

"என்ன மீற்றர் தம்பி, பட்டப்பகல் கொள்ளையோ?"

"என்ர வீட்டு மீற்றரும் இதே வேகத்திலதான் சுத்துது, அண்ணை. என்னைக் கேட்டு என்ன செய்ய?"

இப்படியே எத்தனை நாள் வாயைக் கொடுத்துக்கொண்டு திரிவது? ஒருநாள் கட்டணப் பட்டியலை எடுத்து வைத்து ஒழுங்காகப் படித்தேன். மாதம் தொண்ணூறு யூனிற்றைத் தாண்டினால் நிலையான கட்டணம் ஒரு பாய்ச்சல் பாயும், யூனிற் விலையும் கூடும். ஒரேயொரு யூனிற் கூடினாலும் அந்தப் பாய்ச்சல் வந்துவிடும். சனத்துக்கு இது விளங்கவில்லை. விளக்கம் சொல்ல எனக்கும் நேரமில்லை. அதனால் றீடிங் எடுத்தவுடன் அந்த எண்ணோடு தொண்ணூறைக் கூட்டி, மீற்றருக்குப் பக்கத்தில் சுவரில் வெண்கட்டியால் எழுதிவிட்டு, "அடுத்த முறை நான் வரேக்க மீற்றர் இதைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்" என்றேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், ஏச்சு நின்றுவிட்டது. தேத்தண்ணி கிடைக்கத் தொடங்கியது. பக்கத்துத் தெருச் சனமும் பில்லைக் கொண்டு வந்து நீட்டியது. சோறு சமைக்க கறண்டோ காஸோ லாபம், எந்தக் காஸ் கம்பனிக்கு மாறலாம், கூரையில் சோலார் போடலாமோ என்று எல்லாவற்றுக்கும் நான்தான் நீதவான். "ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லுறியள், எங்கட வீட்டு விறாந்தை லைட் காலமையும் எரியுது" என்று மனைவி நக்கலடிப்பா. எனக்குத் தலை கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது. அதை இப்போது ஒளிப்பதில் என்ன லாபம்.

2. சீல்

புஷ்பம் அக்காவின் வீடு கடற்கரைப் பக்க ஒழுங்கையில். மீற்றர் வெளிச்சுவரில் இருப்பதால் எனக்கு உள்ளே போகும் தேவை வந்ததில்லை. அவருடைய கணவர் செல்வராசா அண்ணை துறைமுகத்தில் மூட்டை இறக்கிய மனிதர். நெஞ்சு பழுதாகி, விறாந்தைக் கதிரையில் இருந்து மெல்ல மெல்லக் கதைப்பார். நான் எழுதிய எண்ணில் ஊரிலேயே ஆகக் கூடுதல் கவனமாக இருந்தவர் அவர்தான்.

"தம்பி... இந்த முறை... எவ்வளவு?"

"எண்பத்தேழு அண்ணை! கெட்டிக்காரன் நீங்கள்."

சின்னப் பிள்ளை மாதிரிச் சிரிப்பார்.

ஒரு மாதம் புஷ்பம் அக்கா படலையடியில் சொன்னார், "இவருக்கு மகள் ஒட்சிசன் மெசின் வாங்கித் தந்திருக்கிறா. பெரியாஸ்பத்திரி டொக்டர் எழுதித் தந்தது. நல்லாக் கறண்ட் இழுக்குமோ தம்பி?"

"இழுக்கும் அக்கா. பாத்துப் பாவியுங்கோ" என்றேன்.

பாத்துப் பாவியுங்கோ. நான் சொன்னது அவ்வளவுதான்.

அடுத்த மாத றீடிங் எண்பத்தெட்டு. அதற்கடுத்த மாதம் எண்பத்தாறு. புது மெசின் வந்த வீட்டில் எண் அசையாவிட்டால் ஒரு மீற்றர் வாசிப்பாளனுக்குச் சந்தேகம் வர வேண்டும். எனக்கும் வந்தது. குனிந்து மீற்றரில் கந்தோர் வைத்த சீலைப் பார்த்தேன், யாராவது கைவைத்திருக்கிறார்களோ என்று. சீல் அப்படியே இருந்தது. நல்ல சனம் என்று திருப்திப்பட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தேன்.

3. ஒப்பீடு

கட்டாரில் வேலை செய்யும் அவர்களுடைய மகள் கலா, கூரையில் சோலார் பூட்டக் காசு அனுப்புகிறேன் என்றாளாம். புஷ்பம் அக்கா சோலார்க்காரர் கொடுத்த கடதாசியையும் பழைய பில்களையும் விறாந்தையில் பரப்பி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

வெளிநாடுகளில் கறண்ட் தரும் கம்பனியையே மாற்றலாமாம். ஒன்று சரியில்லையென்றால் மற்றது. எங்களுக்கு எங்கே அந்த வசதி? போஸ்ட் கம்பியை விட்டால் மேலே சூரியன்தான். அதனால் இந்தக் கேள்வியை நான் பெரிய ஆள் மாதிரி எடுத்துக்கொண்டேன். கண்ணாடியைப் போட்டு, பில்களை மாத வரிசையில் அடுக்கி, சராசரி போட்டுப் பார்த்தேன்.

"அக்கா, உங்களுக்குத் தொண்ணூறு கூடப் போகேல்லை. இந்தப் பில்லுக்குச் சோலார் போட்டால், போட்ட காசு திரும்பி வர இருபது வருஷம் செல்லும். இருநூறு யூனிற் எரிக்கிற வீட்டுக்குத்தான் இது சரி. பிள்ளை வெயிலில உழைக்கிற காசை ஏன் கூரையில கொட்டுறியள்?"

"மெசின் ஓடுதே தம்பி..."

"அது ஓடியும் தொண்ணூறுக்குள்ளதானே நிக்குது?"

செல்வராசா அண்ணை கையை உயர்த்தினார். "தம்பி சொன்னா... சரியாத்தான்... இருக்கும். வேண்டாம் எண்டு... சொல்லு அவளுக்கு."

மெசின் ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் ஓட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிஷம் பிடித்திருக்குமா? தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

4. இன்னொரு மீற்றர்

அந்தச் சோலார்க் கதைக்கு நான்கு மாதம் கழித்து, றீடிங் எடுக்க அந்த ஒழுங்கைக்குள் திரும்பும்போது வாசலில் வெள்ளைக்கொடி கட்டியிருந்தது. செல்வராசா அண்ணையை முதல் நாள்தான் எடுத்திருக்கிறார்கள். அன்றுதான் முதல்தடவையாக வீட்டுக்குள்ளே போனேன்.

குசினியில் குளிர்சாதனப் பெட்டியின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே பாத்திரங்கள் அடுக்கியிருந்தார்கள். அதை நிறுத்திப் பல மாதம் இருக்கும். அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த மெசின். அதன் மேல் டொக்டர் எழுதிய கடதாசித் துண்டு ஒட்டியிருந்தது: ஒரு நாளைக்குப் பதினைந்து மணித்தியாலம், குறையக் கூடாது.

மெசினின் முகப்பில் ஒரு சின்ன மீற்றர். மொத்தம் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று காட்டுவது. கை பழகிய தோஷம், வாசித்துவிட்டேன். 1176.

மெசின் வந்து ஏழு மாதம். கிட்டத்தட்ட இருநூற்றிப் பத்து நாள். செத்த வீட்டில் நின்றுகொண்டு மனக்கணக்கில் பிரித்தேன். நாளுக்கு ஐந்தரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. பதினைந்து மணித்தியாலமும் ஓடியிருந்தால் அந்த வீட்டுக்கு மாதம் நூற்றியெண்பதுக்கு மேலே போயிருக்கும். நான் வேண்டாம் என்று சொன்ன சோலார் அந்த வீட்டுக்கு அச்சொட்டாகப் பொருந்தியிருக்கும். நான் அடுக்கிப் பார்த்த பில் எல்லாம் அந்த மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிச்சம் பிடித்த பில்.

"அவர்தான் நிப்பாட்டுவார் தம்பி" என்றார் புஷ்பம் அக்கா. அழுது முடித்த குரல். "நான் போடுவன். அவர் சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு வெளியால போய் மீற்றரைப் பாத்திட்டு வந்து நிப்பாட்டுவார். 'தம்பி எழுதின நம்பர் கிட்ட வந்திட்டுது, இண்டைக்கு இவ்வளவு காணும்' எண்டுவார். பிள்ளையின்ர காசைக் கரைக்க ஏலாதெண்டு ஒரே பிடி."

"அக்கா, நான்..."

"நீங்கள் ஒண்டும் யோசியாதேங்கோ. நல்லதுக்குத்தானே எழுதினீங்கள்."

அக்கா என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். மணித்தியாலம் குறைந்ததால்தான் போனார் என்று டொக்டர் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? ஐயோ, அந்தச் சுவரில் என் கையெழுத்து அவ்வளவு வடிவாக இருந்தது. அதை அழிக்கத் துணியை நனைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அக்கா பின்னாலேயே வந்து தடுத்தார்.

"விடுங்கோ. அவர் ஒவ்வொரு நாளும் பாத்தது."

அந்தக் கிழமை முழுக்க மற்ற வீட்டுச் சுவர்களை எல்லாம் துடைத்தேன். சனம் கோபித்தது. ஏன் என்று கேட்டவர்களுக்குச் சொன்னேன்.

அடுத்த மாதம் புஷ்பம் அக்காவின் றீடிங் இருபத்திரண்டு. பில்லை நீட்டியபோது அவர் அதை வாங்கிப் பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்தார்.

"அப்ப இந்த முறை கனக்க மிச்சம், என்ன தம்பி?"

"ஓம் அக்கா" என்றேன்.

வேலையிலிருந்து இளைப்பாறிய பிறகும் பில்லைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஆட்கள் வருகிறார்கள். எது மலிவு, எதற்கு மாறலாம் என்று கேட்கிறார்கள். நான் பில்லைக் கையில் வாங்குவதில்லை. எழும்பி அவர்களுடைய வீட்டுக்குப் போகிறேன். விறாந்தையில் நிற்காமல் குசினி, அறை எல்லாம் நடந்து பார்த்து, "இந்த வீட்டில ஓட வேண்டிய சாமான் எது ஓடாமல் நிக்குது?" என்று கேட்கிறேன். பில் அதற்குப் பிறகுதான்.