பஞ்சு குடோனில் சாந்தாமணியின் பெட்டி

போன வாரம் என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போய் நின்றதைப் பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் எவ்வளவோ முயன்றும் வராத முகம் அது. கவுண்டரில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் ஒரே வாக்கியத்தில் வரவழைத்துவிட்டான்.

விஷயம் இதுதான். எங்கள் மகள் கோயமுத்தூரில் படிக்கிறாள். கோடை லீவுக்கு ஹாஸ்டலைக் காலி செய்யச் சொன்னதும், மெத்தை, வாளி, புத்தகம் எல்லாவற்றையும் சரவணம்பட்டிப் பக்கம் வாடகைக்குச் சாமான் வைக்கிற ஒரு குடோனில் போட்டுவிட்டு வந்தாள். மாணவர்களுக்கென்றே நடத்துகிறார்கள். அட்டைப்பெட்டியும் அவர்களே தருகிறார்கள், வாடகையும் கையைக் கடிக்காது. காலேஜ் திறக்கப்போகிறதே, அவளுக்கு முன்னால் நாமே போய் எடுத்து வைத்துவிடலாம் என்று கிளம்பினோம். அவள் பாட்டி வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள், போனில் சார்ஜ் இல்லை. அந்தப் பையன் எழுந்து நின்று, மிகப் பணிவாகச் சொன்னான்: "பாப்பா போனுக்கு ஒரு நம்பர் வருமுங்க. அதைச் சொன்னாத்தானுங்க தர முடியும்."

"நான் அவ அப்பாங்க" என்றார் இவர்.

"அப்பாவா இருந்தாலும் அப்படித்தானுங்க. பொட்டி அவங்களுதுங்க."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் ஏதாவது சண்டை போடுவேன் என்று. வாய்க்கு நான் சளைத்தவள் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.  ஆனால் நான் போய் அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அட்டைப்பெட்டி வாசனையும் ரசகற்பூர உருண்டை வாசனையும் குடோனுக்குள்ளிருந்து வந்தன. எனக்கு மட்டும் பஞ்சு நாறியது.

பஞ்சுக்கு ஏது நாற்றம் என்று கேட்பீர்கள். பேல் பேலாக, அதாவது பெரிய பெரிய பொதிகளாகப் பஞ்சு அடுக்கி எடுத்த குடோனுக்குள் போய்ப் பார்த்திருந்தால் கேட்கமாட்டீர்கள். கோணிச்சாக்கும் பருத்திக்கொட்டை எண்ணெயும் எலியும் கலந்த ஒரு வாசம். நாங்கள் படித்த காலத்தில் பீளமேட்டில் எங்கள் காலேஜுக்குப் பின்னால் அப்படி ஒன்று இருந்தது. கோடையில் பஞ்சு வரத்து குறைந்து பாதி காலியாகக் கிடக்கும். அதே கோடையில்தான் ஹாஸ்டலுக்கு வெள்ளையடிக்கிறோம் என்று எங்களை மூட்டை முடிச்சோடு வெளியே தள்ளுவார்கள். குடோனைப் பார்த்துக்கொண்டிருந்த மணியண்ணனுக்கு யோசனை வந்தது. ஒரு பெட்டிக்கு ஒரு சினிமா டிக்கெட் காசு, லீவு முடிகிறவரை வைத்துக்கொள்ளலாம். பேலுக்கு மார்க் போடுகிற கறுப்பு மையில் பெட்டி மேல் எங்கள் பேரை எழுதுவார். அந்த மை எதற்கும் போகாது. என் பட்டுப்பாவாடை ஒன்றில் பட்டு, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

குடோனுக்குப் பெட்டி கொண்டு வருவது தூரத்து ஊர்க்காரிகள்தான். நான் தாராபுரத்துக்கும் அந்தாண்டை. தகரப்பெட்டியோடு ரெண்டு பஸ் மாறி ஏறினால் கண்டக்டர் கண்ணாலேயே எரிப்பார். ஆனால் என் ரூம்மேட் சாந்தாமணி பொள்ளாச்சிக்காரி. தென்னந்தோப்பு வீடு, வாசலில் கார். உக்கடத்தில் பஸ் ஏறினால் ஒரு தூக்கம் தூங்குவதற்குள் ஊர் வந்துவிடும். மூன்றாம் வருஷப் பரீட்சை முடிந்த அன்றைக்கு அவளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குடோனுக்கு வந்தபோது, உனக்கெதற்குடி இந்தத் தண்டச் செலவு என்று கேட்டேன்.

வீட்டில் ஜாதகம் எடுத்துவிட்டார்கள் என்றாள். எல்லாச் சாமானையும் எடுத்துக்கொண்டு வந்துவிடு என்று அப்பா போனில் சொன்னாராம். 'எல்லாச் சாமானும்' என்றதில்தான், திரும்ப அனுப்பமாட்டார்கள் என்று அவளுக்குப் புரிந்திருக்கிறது. இன்னும் ஒரே ஒரு வருஷம் படித்தால் அவள் சிவில் இன்ஜினியர். வெயிலில் நிலம் அளக்கிற தியோடலைட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தால் எங்கள் வகுப்புப் பையன்களே ஒதுங்கி வழிவிடுவார்கள். சர்வேயில் அவள்தான் முதல் மார்க். நான் அவளைப் பார்த்து எழுதி பாஸானவள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"பொட்டி இங்க இருந்தா, அதை எடுக்கறக்காச்சும் என்னைய அனுப்பித்தான ஆகோணும் புள்ள" என்றாள். ஒரு பெரிய திண்டுக்கல் பூட்டைப் போட்டு இழுத்தும் பார்த்துக்கொண்டாள்.

எனக்கு அது பிரமாதமான திட்டமாகத்தான் பட்டது. இருபது வயசு மூளைகள் ரெண்டு சேர்ந்தால் அப்படித்தான்.

காலேஜ் திறந்து நான் போனபோது என் பெட்டி இருந்தது. மற்றவர்கள் பெட்டிகளும் எலி கடித்தது போக இருந்தன. சாந்தாமணி பெட்டி இருந்த இடத்தில் தரை தெரிந்தது. மணியண்ணன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "அம்மணியோட அப்பா வந்திருந்தாருங்க. தங்கமான மனுசனுங்க. அவரே தூக்கி கார்ல வெச்சுக்கிட்டாரு."

அவள் இல்லாமல் எப்படிக் கொடுத்தீர்கள் என்று கத்திவிட்டேன். அவருக்கு நான் எதற்குக் கத்துகிறேன் என்றே புரியவில்லை. நிஜமாகவே திகைத்துப்போனார். "பெத்தவரு நேர்ல வந்து கேக்கறப்ப, இல்லீன்னு எப்படீங்க அம்மணி சொல்றது? மரியாதயா இருக்குங்களா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அன்றைக்கு அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவள் அப்பா ஒரு சாக்குத் தேங்காய் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதில் ரெண்டை எடுத்து என் கையிலும் திணித்தார் மணியண்ணன். வாங்கிக்கொண்டு வந்தேன் என்பதுதான் கொடுமை.

அடுத்த வாரமே பத்திரிகை வந்தது, ஆனி மாசக் கல்யாணம். ஹாஸ்டலிலிருந்து நாலைந்து பேர் போனோம். மண்டபத்தில் சீர் வரிசை அடுக்கியிருந்தார்கள். கட்டில், பீரோ, அண்டா, குத்துவிளக்கு. நடுவில் அந்தப் பெட்டி. பளபளவென்று மெரூன் பெயின்ட் அடித்து, மேலே சந்தனப்பொட்டு வைத்து, உள்ளே எவர்சில்வர் பாத்திரம் நிரப்பியிருந்தார்கள். பெயின்டுக்கு அடியில் மணியண்ணன் மை லேசாகத் தெரிந்தது.  பிணத்தைப் பார்த்தபோது கூட நான் அப்படி ஆடிப்போனதில்லை.

மணப்பெண் அறையில் அவள் தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தாள். புத்தகமெல்லாம் எங்கே என்று கேட்டேன். இதையா கேட்பேன்? அதுதான் வாயில் வந்தது.

"பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டாங்க" என்றாள். "பூட்டை நம்பிப்போட்டேன் புள்ள."

அவ்வளவுதான். யாரும் அவளை அடிக்கவில்லை, அதட்டவில்லை, ஒருத்தர் குரலும் உயரவில்லை. அவள் அப்பா பந்தியில் எங்கள் ஒவ்வொருத்தர் பக்கத்திலும் வந்து நின்று, "நல்லாச் சாப்புடுங்க கண்ணு, வெக்கப்படக்கூடாது" என்று தன் கையாலேயே நெய் ஊற்றினார். இத்தனை மரியாதையாகவும் ஒருத்தி படிப்பை நிறுத்த முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இலையை மூடிவிட்டு எழுந்திருக்கலாம். சாப்பிட்டேன்.

அந்தக் குடோன் இப்போது இல்லை, அங்கே எட்டு மாடியில் குடியிருப்பு நிற்கிறது. மணியண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று கேள்வி. சீர் வரிசையில் தகரப்பெட்டி வைக்கிற வழக்கமும் ஒழிந்தது, அது ஒழிந்ததில் எனக்கொரு வருத்தமும் இல்லை.

சாந்தாமணியை மறுபடி பார்த்தது இரண்டு வருஷம் முன்பு, காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில். தீபாவளிக் கூட்டம். உடம்பு போட்டிருந்தாள். என்னைக் கண்டதும் குசலம் கூட விசாரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து, புடவைக் கட்டுகளுக்கு நடுவே இழுத்துக்கொண்டு போய், போன் பார்த்துக்கொண்டிருந்த தன் மகன் முன்னால் நிறுத்தினாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"நான் சொன்னா நம்பமாட்டீங்கற, இவகிட்டக் கேளு கண்ணு. நீ சொல்லு புள்ள, நான் இன்ஜினியரிங் படிச்சனா இல்லியா?"

படித்தாள் என்றேன். மூன்று வருஷம், சிவில், சர்வேயில் முதல் மார்க். கடை இரைச்சலுக்கு மேல் சத்தமாகச் சொன்னேன். அவள் என் மணிக்கட்டை விடவே இல்லை.

பையன் நல்ல பையன். போனைப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"அப்படீங்களாங்க ஆன்ட்டி" என்றான், அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.