டிரைவரின் மணி

சென்னைக்கு வேலை நேர்காணலுக்குப் போன பேருந்தில், பக்கத்து இருக்கைக்காரர் ஒரே கையில் இரண்டு கடிகாரங்கள் கட்டியிருந்தார். உல்லாசக் கப்பலில் சமையல்காரராம், விடுமுறைக்கு வந்தவர்.

“தீவுல நாலு மணி நேரம் எறங்க வுடுவாங்க. மூணு மணி நேரம் சுத்துவேன். கடைசி ஒரு மணி நேரம் கப்பலப் பாத்துக்கினே டீ குடிப்பேன்,” என்றார்.

உளுந்தூர்பேட்டையில் பேருந்து பத்து நிமிடம் நின்றது; எட்டரைக்கு எடுப்பதாக டிரைவர் சொன்னார். அவர் டிரைவரிடம் மணி கேட்டு, ஒரு கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்.

“இன்னாண்ணா, இதுவும் கப்பலா?” என்று சிரித்தேன்.

“கப்பல் மணி வேற, தீவு மணி வேற. தீவு மணிய நம்பி ஒருதபா கப்பல வுட்டுட்டேன், தம்பி. வண்டி எடுக்கறவரு மணிதான் மணி.”

நான் செல்போன் மணியை நம்பிப் பரோட்டா தின்றேன். டிரைவரின் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடியது. பேருந்து நகர்வதைக் கண்டு ஓடினேன். சமையல்காரர் படிக்கட்டில் நின்று விசிலடித்து அதை நிறுத்தியிருந்தார்.

“ஏறு. கப்பல்ல இப்பிடி நிறுத்த மாட்டானுங்க.”

எனக்கு அந்த வேலை கிடைத்துவிட்டது. அவர் இப்போது எந்தத் தீவில் கப்பலைப் பார்த்தபடி டீ குடிக்கிறாரோ.